மைக்குக்குப் பின்னால் ஒரு வாய்

அப்பாவுக்கு நாற்காலி போட்டுவிட்டார்கள், எனக்கு அதுவே பிடிக்கவில்லை. இங்கே யாரும் நாற்காலியில் உட்காருவதில்லை, எல்லாருக்கும் தரைதான், சம்மணம் போட்டோ ஒருவர் முதுகில் இன்னொருவர் சாய்ந்தோ கேட்பார்கள், பாட்டு சூடு பிடித்தால் எழுந்து நிற்பார்கள், கொஞ்சம் கூட்டம் சேர்ந்தாலே சுவர் வியர்த்துவிடுகிற இடம். பீளமேட்டில் ஒரு காபிக்கடையின் பின்கட்டு, பழைய நூல் கிடங்கு, தகரக் கூரைக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து நாலு கலர் விளக்கைத் தொங்கவிட்டால் கலை வந்து குடியேறிவிடும் என்று யாரோ நம்பியிருக்கிறார்கள், குடியேறியும் விட்டது, அதை நான் மறுக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் இந்தக் கோயம்புத்தூரில் நான் ஒழுங்காக மூச்சு விடுகிற இடம் இது ஒன்றுதான். அப்பா உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்து "இது நூல் மூட்டை அடுக்குற எடமாச்சே" என்றார், கூடம் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில். அவருக்கு எப்போதும் அந்தச் சத்தம்தான். ஸ்பின்னிங் மில்லில், நூல் முறுக்குகிற ரிங் பிரேம் ஓடுகிற பகுதியில், மேஸ்திரியாகவே காலத்தைக் கழித்தவர், காது போய்விட்டது என்று நாங்கள் சொன்னால் கோபம் வரும், போகவில்லை, கொஞ்சம் மந்தம் என்பார், காதில் வைக்கிற மெஷினை அம்மா வாங்கிக் கொடுத்ததை டப்பாவோடு பீரோவில் வைத்திருக்கிறார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் பேனா, மகன் பாடுவதைக் கேட்க வருகிறவர் பேனா எதற்கு எடுத்துக்கொண்டு வருவார், யாரிடம் கையெழுத்துப் போடப் போகிறார், அதைப் பார்த்ததும் எனக்குப் பாவமாக இருந்தது, பாவமாக இருந்ததற்காகவும் கோபம் வந்தது. அங்கிள் நீங்க இதுல உட்காருங்க என்று கடைக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து நடுவில் போட்டார், யாரோ ஒருத்தி 'ஸ்வீட் அங்கிள்' என்றாள், அவர் உட்கார்ந்து, கையை மடியில் வைத்து, ஜாதகம் பார்க்க வந்தவர் மாதிரி மேடையைப் பார்த்தார். எதிரில் தரணி, என் அண்ணன், கித்தாரைச் சரிசெய்துகொண்டிருந்தான். நான் அப்பாவின் முழங்காலுக்குப் பக்கத்தில், தரையில், அவர் முகத்தைப் பார்க்கத் தோதாக உடம்பைத் திருப்பி உட்கார்ந்தேன், ஏனென்றால் இன்றைக்கு எனக்கு வேலை இருக்கிறது, நான்தான் அவருக்குக் காது.

மில் பேச்சு என்று எங்கள் வீட்டில் அதற்குப் பெயர். ரிங் பிரேம் ஓடும்போது கத்தினாலும் கேட்காது, அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை, சத்தமே வராமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவார்கள், எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்து வாங்கிக்கொள்வார்; கூப்பிட வேண்டுமானால் தோளில் தட்ட வேண்டும்; பேச்சை முடிக்க வேண்டுமானால் முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும், சண்டையில் கடைசி வார்த்தை யாருக்கு என்பது யார் முதலில் முகத்தைத் திருப்புகிறார் என்பதில் இருக்கிறதாம். அப்பா அதை வீட்டுக்கும் கொண்டுவந்தார். அம்மா சீரியல் பார்க்கும்போது நானும் அவரும் சாப்பாட்டுத் தட்டுக்கு மேலே சத்தமில்லாமல் உலகத்தையே பேசியிருக்கிறோம், அப்பா என்று சொன்னாலும் அம்மா என்று சொன்னாலும் உதட்டுக்கு ஒன்றுதான், யாரைச் சொல்கிறோம் என்று கண்ணால் காட்ட வேண்டும், அது எனக்கு வந்தது, அண்ணனுக்கு வரவில்லை, அவனுக்குப் பொறுமை கிடையாது, பேசுகிறவன் வாயைப் பார்க்க முதலில் பேசுகிறவனை மதிக்க வேண்டுமே. இப்போது மேடையில் பிரச்சினை என்னவென்றால் மைக். மைக் வாயை மறைக்கிறது. முதல் பாட்டு ஆரம்பித்ததும் அப்பா கழுத்தை இந்தப் பக்கம் நீட்டினார், அந்தப் பக்கம் நீட்டினார், அவருக்கு மகனுடைய மூக்கும் நெற்றியும் தெரிகிறது, டிரம்ஸ் அடிப்பது நாற்காலிக் கால் வழியாக உடம்புக்கு வருகிறது, வார்த்தை மட்டும் வரவில்லை. என் தோளில் தட்டினார். உதட்டால் கேட்டார், "என்ன பாடறான் அம்மிணி?" மழையைப் பத்திங்கப்பா என்றேன் உதட்டால், உண்மையிலேயே மழையைப் பற்றிய பாட்டு, நொய்யல் ஆறு சாக்கடையான பிறகு பெய்கிற மழை. தலையாட்டினார், திருப்தி. இரண்டாவது, பஸ்ஸில் பார்த்த பெண்ணைப் பற்றி. அதற்குச் சிரித்தார், எந்த பஸ்ஸு என்று கேட்டார், உக்கடம் பஸ் என்று நான் சேர்த்துச் சொன்னேன், பாட்டில் அப்படி ஒன்றும் இல்லை, அவர் சிரிப்பதற்காகச் சொன்னேன். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது. நான் ஹாஸ்டலுக்குப் போன பிறகு அவரும் நானும் இவ்வளவு பேசியதே இல்லை. பேண்டுக்கு மூணாம் ஷிப்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்களே அது நம்ம மில்லு ஷிப்ட்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் முகத்தில் வந்த பெருமையைப் பார்த்து நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு நாள்கூட ராத்திரி ஷிப்ட்டுக்குப் போகாதவன், பகல் பன்னிரண்டு மணிக்கு எழுந்து அம்மாவிடம் தோசை கேட்கிறவன், அப்பாவின் தூக்கமில்லாத கண்ணை எடுத்து பனியனில் அச்சடித்து விற்கிறான். இவனுக்கு எல்லாமே கையில் எடுத்துக்கொள்ளலாம் என்று யார் சொல்லிக்கொடுத்தது?

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பிறந்ததே அப்படித்தான், மகன். அவன் என்னிடமிருந்து எடுத்தது அதைவிடப் பெரிது, அது இன்றைக்கு வரும், கடைசிக்கு முந்தைய பாட்டாக வரும், எல்லா நிகழ்ச்சியிலும் அங்கேதான் வைப்பான். 'தாழ்ப்பாள்' என்று பெயர். மெட்டு நன்றாக இருக்கிறது என்பதுதான் எனக்கு அவமானம், பாத்ரூமில் என் வாயே அதை முணுமுணுக்கிறது, நான் என் வாயைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. உள்ளே விளக்கு வெளியே நான், நடுவிலே ஒரு தாழ்ப்பாள். பாட்டுக்கு முன்னால் கதை சொல்வான், இந்தச் சின்ன இடங்களில் எல்லாரும் அப்படிச் சொல்வதுதான் வழக்கம், பாட்டு எப்படிப் பிறந்தது என்று, நரம்பை மெதுவாக மீட்டிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி: ஒரு ராத்திரி, இசை கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன், அப்பா கதவைத் திறக்கவில்லை, விடிய விடியப் படியில் உட்கார்ந்திருந்தேன். கூட்டம் 'ச்சு' கொட்டும். எனக்குக் காது கொதிக்கும். படியில் உட்கார்ந்தது இவனா? அன்றைக்கு இதே பேண்டின் நிகழ்ச்சி, ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு மொட்டை மாடியில், இவன் தலைவலி என்று யாருடைய காரிலோ முன்னாலேயே கிளம்பிவிட்டான், மிச்சம் இருந்த ஒயரையெல்லாம் சுற்றி, ஸ்பீக்கரை வேனில் ஏற்றிக் கொடுத்தது நான், அவனுக்காக, டிரம்ஸ் வாசிக்கிற ஷெரினும் நானும், அவள்தான் வண்டியில் கொண்டுவந்து விட்டாள். இவன் வந்தபோது கதவு திறந்தது. நான் வந்தபோது திறக்கவில்லை. அம்மா அன்றைக்கு ஈரோட்டில், பெரியம்மா வீட்டில். இவன் உள்ளே காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான், போனை அடித்து அடித்துப் பார்த்தேன். செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன், எதிர் வீட்டுக்காரர் பால்கனி விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அணைத்தார், அதை நான் மறக்கவே மாட்டேன், அணைத்ததை. இதை அவனிடம் கேட்டேன், இது என்னுடையது, நீ எப்படிப் பாடலாம் என்று. அனுபவம் யாருக்கும் சொந்தமில்லை மது, பாட்டுக்குள் வந்துவிட்டால் அது எல்லாருக்கும் பொது என்றான். சரி, பொது என்றே வைத்துக்கொள்வோம், ஆனால் பொதுவாக்கும்போது ஏன் நான் ஆம்பளையாகிவிட்டேன்? எந்த வீட்டில் மகனை வெளியே நிறுத்துகிறார்கள்? நான் பெண் என்பதற்காக அல்லவா அந்தத் தாழ்ப்பாள் விழுந்தது, அந்தக் காரணத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு மிச்சத்தை அழகாகப் பாடினால் அது என்ன பாட்டு, அது பொய். வகுப்பில் இதைச் சமூகவியல் வார்த்தைகளில் ஒரு மணி நேரம் பேசுவேன், எதிரில் யார் நின்றாலும் மடக்குவேன். அவனிடம் மட்டும் என் குரல் உடைந்துவிடுகிறது, உடைந்ததும் பாரு நீ எமோஷனலா இருக்கே என்கிறான், விவாதம் முடிந்தது.

அப்பாவைப் பொறுத்தவரை நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன், அதைத் தொட யாரையும் விடமாட்டேன். தாழ்ப்பாள் போட்டது அவர், சரி. கோபத்தில் போட்டார், போட்டுவிட்டுப் போய்ப் படுத்தார், நான் தட்டியது அவருக்குக் கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? அழைப்பு மணியே ரிப்பேர். கேட்டிருந்தால் திறந்திருப்பார். இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நான் நின்றுகொண்டிருக்கிறேன், கேட்டிருந்தால் திறந்திருப்பார், தீபாவளிக்கு வீட்டுக்குப் போகிறேன் என்றால் இதனால்தான், அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பாட்டுக்கு அர்த்தம் சொல்கிறேன் என்றால் இதனால்தான். அந்த ராத்திரியைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. காலையில் கதவு திறந்திருந்தது, உள்ளே போனேன், அவர் ஷிப்ட்டுக்குக் கிளம்பிவிட்டார், அடுத்த மாதம் நான் மருதமலை ரோட்டு ஹாஸ்டலில் இருந்தேன். இன்றைக்கு இவரை இங்கே கூப்பிட்டு வரச்சொல்லி அவன் போன் செய்தபோது, அந்தப் பாட்டை எடுத்துவிடு என்றேன். எடுக்க முடியாது, அதைக் கேட்கத்தான் பாதிப்பேர் வருகிறார்கள் என்றான். அப்பா கேட்பாரே என்றேன். அவன் சிரித்தான், போனில் சிரிப்பு எவ்வளவு அசிங்கமாகக் கேட்கும் தெரியுமா. "அவருக்கு எங்க கேக்கும், மைக்குக்குப் பின்னாடி வாயும் தெரியாது, ஒண்ணும் ஆகாது விடு." யோசித்திருக்கிறான். அப்பாவின் காது மந்தத்தை அளந்து, மைக்கின் அகலத்தை அளந்து, அந்த இடுக்கில் தன் பாட்டைச் செருகிவைத்திருக்கிறான். அந்தச் சட்டையை இஸ்திரி போட்டது யார், அம்மாவா, அவரேவா? இப்போது பாட்டுகளுக்கு நடுவே விட்ட இடைவெளியில், கித்தார் நரம்பை முறுக்கிக்கொண்டிருந்தவனிடம் எழுந்து போனேன், அப்பாவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன், என் உதடு அவருக்குத் தெரியக்கூடாது. வேண்டாம், இன்றைக்கு ஒரு நாள் விட்டுவிடு என்றேன். ஷெரின் டிரம்ஸுக்குப் பின்னால் குச்சியைத் தொடையில் தட்டிக்கொண்டு எங்களையே பார்த்தாள், அவளுக்குத் தெரியும், அன்றைக்கு என்னைத் தெருமுனையில் இறக்கிவிட்டவள், ஆனாலும் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அந்தப் பாட்டுக்குத் தாளம் போடுகிறவள்.

"அப்பா கேட்டா என்னன்னு சொல்ல?" என்றேன்.

"மழைன்னு சொல்லு," என்றான் தரணி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "நீதான நல்லா பேசுவே."

திரும்பி வந்து உட்கார்ந்தேன், முழங்காலைக் கையால் கட்டிக்கொண்டு. மழைன்னு சொல்லு. சொல்லிவிடலாம், அதில் என்ன கஷ்டம், இன்னொரு மழைப் பாட்டு, இந்த ஊரில் மழைக்கா பஞ்சம், அவர் தலையாட்டுவார், நிகழ்ச்சி முடியும், வெளியே போய் அவருக்கு ஒரு டீ, ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொள்வார், வீடு. யாருக்கும் எதுவும் ஆகாது. இல்லையென்றால் இப்போதே அவரை எழுப்பிக் கூட்டிப்போய்விடலாம், கால் வலிக்குதாங்கப்பா, போலாமா என்று. உதட்டால் கேட்டேன், போலாமாங்கப்பா. ஏன், நல்லாத்தான இருக்குது என்றார் உதட்டால், கையை வேறு ஆட்டினார், உட்காரு என்று. அதற்குள் விளக்கு நீலமாகிவிட்டது. நீலம் என்றால் அந்தப் பாட்டு. நரம்பு ஒன்று மட்டும் சொட்டுச் சொட்டாக விழ ஆரம்பித்தது, கூட்டம் அடங்கியது, முன்னால் இருந்த இரண்டு பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள், அவர்களுக்கும் ஏதாவது ஒரு கதவு இருந்திருக்கும், அவர்கள்மேல் எனக்கு என்ன கோபம். அவன் கதையைச் சொன்னான். இன்றைக்குப் புதிதாக ஒன்று சேர்த்தான், பனி பெய்தது என்று. அது சித்திரை மாதம், பனியாம். அப்பாவின் விரல் என் தோளில் தட்டியது. அவர் முகத்தைப் பார்த்தேன். மகன் இவ்வளவு நேரம் பாடாமல் பேசுகிறான், எல்லாரும் மூச்சைப் பிடித்துக் கேட்கிறார்கள், என்னவோ முக்கியமானது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இது எதைப் பத்தி?" உதட்டால்தான் கேட்டார்.

மழை என்ற வார்த்தைக்கு உதட்டை மூட வேண்டும். மூடினேன். திறக்க வரவில்லை. எத்தனை மேடையில் பேசியிருக்கிறேன், வாய் உலர்ந்து நின்றதில்லை, இப்போது சத்தம்கூடப் போட வேண்டாம், வெறும் அசைவு, அது வரவில்லை. ஒரு பையனைப் பத்தி என்றேன் கடைசியில். பாதி உண்மை, பாட்டில் பையன்தானே. என்ன பையன் என்றார். வீட்டுக்கு வெளிய உக்காந்திருக்கற பையன். ஏன், சாவி இல்லையா என்று கேட்டார், மேஸ்திரி புத்தி, எங்கே பழுது என்று பார்க்கிற புத்தி. உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்குதுங்க என்றேன். இதைச் சொல்லும்போது கூட்டம் அவனோடு சேர்ந்து பாட ஆரம்பித்திருந்தது, உள்ளே விளக்கு வெளியே நான், தரை அதிர்ந்தது, அந்த அதிர்வுக்கு நடுவில் நானும் அவரும் மட்டும் சத்தமில்லாமல், மில்லுக்குள் நிற்கிற இரண்டு பேர் மாதிரி. அவர் கொஞ்சம் குனிந்தார். யாரு போட்டது என்று கேட்டார். கேட்டுவிட்டு மேடையைப் பார்த்தார், மைக்குக்கு மேலே மூடியிருந்த மகனின் கண்களைப் பார்த்தார், இவன் எப்பத் தாழ்ப்பாளுக்கு வெளிய இருந்தான் என்று யோசிக்கிறாரோ, அப்படித்தான் இருக்க வேண்டும், அவர் நெற்றி சுருங்கியது எனக்குத் தெரியும், ஏதோ ஒரு பிரேமில் நூல் அறுகிறது, எது என்று தேடுகிற சுருக்கம் அது.

அப்புறம் அது வந்தது, பாட்டின் முடிவில் எப்போதும் வருகிற அந்தச் சடங்கு. தரணி மைக்கைக் கழற்றிக் கூட்டத்தைப் பார்த்து நீட்டிக் கேட்டான், யாரெல்லாம் வெளியே நின்னீங்க? நான், என்று கத்தினார்கள். இன்னொரு தடவை, யாரெல்லாம்? நான், நான். முன்வரிசைப் பெண்கள் கத்தினார்கள், நியாயம், இருக்கலாம். ஜிம்முக்குப் போய் உடம்பு ஏற்றிய பையன்கள் அவர்களைவிடச் சத்தமாகக் கத்தினார்கள், எந்தக் கதவுடா உங்களுக்கு மூடியது, கேக்கறேன். நான் இதுவரை ஒரு தடவையும் சொன்னதில்லை, இவ்வளவு நானுக்கு நடுவில் என் நானைப் போட்டால் அது கரைந்துவிடும், உண்மையாக நின்றவளும் சும்மா கத்துகிறவனும் ஒன்றாகிவிடுவார்கள், அதனால் இந்த இடம் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பேன். இன்றைக்குக் கூரையைப் பார்க்க முடியவில்லை, அப்பா என்னைத் தட்டிக்கொண்டிருந்தார். இப்போது மறைக்க மைக் இல்லை, மகனின் வாய் முழுசாகத் தெரிகிறது, சுற்றிலும் எல்லா வாயும் தெரிகிறது, எல்லாம் ஒரே மாதிரி திறக்கின்றன. எல்லாரும் நான் நான்ங்கறாங்களே, எதுக்கு, என்றார். ராத்திரி வெளிய நின்னது யாருன்னு கேக்கறானுங்கப்பா, என்றேன். அவர் அதை வாங்கிக்கொண்டார். முகத்தைத் திருப்பவில்லை. என் உதட்டையே பார்த்தார், நான் இன்னும் முடிக்கவில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஐம்பது பேர் கத்திக்கொண்டிருந்தார்கள், நான் சத்தமில்லாமல், நிதானமாக, அவர் தப்பாக வாங்கிவிடாதபடி உதட்டைப் பிரித்துச் சொன்னேன், நான். அவன் இல்லீங்கப்பா. நான்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். முகத்தைத் திருப்பியிருந்தால்கூடப் பரவாயில்லை, அது சண்டை, சண்டையில் நான் நிற்பேன், கண்ணை மூடிவிட்டால் நான் என்ன செய்வது, உதட்டால் பேசுகிறவளுக்கு எதிரில் இருப்பவன் கண்ணை மூடிக்கொண்டால் அதைவிட என்ன தாழ்ப்பாள் இருக்கிறது. நான் தட்டினேன். தோளில், மில் வழக்கப்படி, இரண்டு விரலால். திறக்கவில்லை. மறுபடி தட்டினேன், முழுக் கையால், இந்தத் தடவை ஓய்ந்து போய் உட்காரப் போவதில்லை என்று எனக்குள்ளே யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள், அவருக்குப் பாவம் என்று இன்னொருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள், கேட்டிருக்காது, கேட்டிருந்தால் திறந்திருப்பார், அவளை வாயை மூடச்சொன்னேன், சட்டைத் துணி என் கைக்குள் கசங்கியது. பின்னால் பாட்டு முடிந்தது, ஷெரின் கடைசியாக அடித்த வெண்கலத் தட்டைக் கையால் பிடித்து அடக்கினாள், கைதட்டல் எழுந்து தணிந்தது, தரணி அடுத்த பாட்டுக்காகத் தண்ணீர் குடிக்கக் குனிந்தான், கூடத்தில் ஒரு பெரிய அமைதி. அந்த அமைதி அப்பாவுக்குத் தெரியாது. அவர் கண்ணைத் திறந்தார், சுற்றிலும் இன்னும் இரைச்சல் இருக்கிறது என்று நினைத்தார் போலிருக்கிறது, இதை உதட்டால் சொல்லக்கூடாது, குரலால் சொல்ல வேண்டும் என்றும் நினைத்தார் போலிருக்கிறது, மெஷின் ஓட்டத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்பதுபோல் தன் முழுக்குரலில் சொன்னார்.

"நான் தூங்கல அம்மிணி. கதவுலதான் சாஞ்சு உக்காந்திருந்தேன். நீ தட்டுனது அத்தனையும் முதுகுல தெரிஞ்சுது."

கூடத்தில் எல்லாரும் திரும்பினார்கள். தரணி தண்ணீர்ப் பாட்டிலோடு அப்படியே நின்றான், அவன் வாய் நன்றாகத் தெரிந்தது, திறந்திருந்தது, அதில் ஒன்றும் இல்லை. முதுகில் தெரிந்ததாம். நான் கை ஓய்கிற வரைக்கும் தட்டியது, அப்புறம் நெற்றியை வைத்துச் சாய்ந்துகொண்டது, மரத்துக்கு அந்தப் பக்கம் அவர் முதுகு இருந்திருக்கிறது, நான் நெற்றி வைத்த உயரத்திலேயே இருந்திருக்கலாம், கேட்கவில்லை என்று நான் எழுதி வைத்துக்கொண்ட மன்னிப்பு மொத்தமும் ஒரு மந்தமான காதின் மேல் நின்றிருந்தது, அந்தக் காதுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. முன்வரிசைப் பெண் ஒருத்தி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள், அவளுக்குக் கண் கலங்கியிருந்தது, அப்பா கதவுக்குப் பின்னால் தூங்காமல் இருந்தார் என்பது அவளுக்கு ஆறுதலான முடிவு, இதற்கு ஒரு பாட்டு எழுதலாம் என்றுகூட நினைத்திருப்பாள். தூங்கினீர்களா இல்லையா என்று நான் கேட்கவே இல்லையே. அப்பாவின் கண் முழுசாகத் திறந்து என் உதட்டின் மேல் இருந்தது, நகரவில்லை. நான் முழங்காலில் எழுந்து நின்றேன், முகத்துக்கு நேராக முகம், உதட்டால் கேட்டால் அவருக்குப் போதும், ஆனால் எனக்குப் போதாது, என் குரல் இந்தத் தடவை உடையவில்லை.

"அப்பறம் ஏனுங்கப்பா தொறக்கல?"